அழகு அறுவைச் சிகிச்சையின் அபாயங்கள் பற்றி நோட்டீஸ் அடிக்கப் போகிறீர்களா? வேலூரில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் டிடிபி, வடிவமைப்பு வேலை செய்யும் சின்னக் கடை எங்களுடையது. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ் என்று ஓடிக்கொண்டிருந்த வேலையில் இப்போது மருத்துவ விழிப்புணர்வு நோட்டீஸ்களும் சேர்ந்துவிட்டன. கல்லூரி என்.எஸ்.எஸ். மாணவர்கள், மகளிர் குழுக்கள், டாக்டர்கள் எனப் பலரும் வருகிறார்கள். லைப்போசக்‌ஷன் (தோலுக்கடியில் உள்ள கொழுப்பை உறிஞ்சி எடுப்பது), முடி நடுதல், ஆண்களுக்கு மார்பு குறைத்தல் போன்ற சிகிச்சைகளின் அபாயங்களை விளக்க ஒரு துண்டறிக்கை வேண்டும் என்று கேட்பவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைத்திருக்கிறோம்.

டாக்டரே எல்லாம் சொல்லிவிடுவாரே, தனியாக நோட்டீஸ் எதற்கு?

சொல்லுவார். எப்போது சொல்லுவார் என்பதுதான் விஷயம். ஒரு பையன் ரீல்ஸில் விளம்பரம் பார்க்கிறான், எண்ணைத் தட்டுகிறான். அந்தப் பக்கம் பேசுவது டாக்டர் இல்லை, கவுன்சிலர் என்று சொல்லிக்கொள்ளும் விற்பனை ஆள். “இந்த வாரம் மட்டும் ஆஃபர் சார், இஎம்ஐ இருக்கு” என்கிறார். அட்வான்ஸ் போய்விடுகிறது. அபாயங்கள் எழுதிய ஒப்புதல் படிவம் கைக்கு வருவது பல இடங்களில் ஆபரேஷன் அன்று காலை, பச்சை கவுனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது. அந்த நேரத்தில் யார் படிப்பார்கள்? படித்தாலும் எழுந்து வீட்டுக்குப் போக எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

சட்டம் இதை ஏற்கவில்லை. 2008-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகவே சொன்னது: சிகிச்சை என்ன, எதற்கு, என்ன பலன், வேறு வழி உண்டா, முக்கியமான அபாயங்கள் என்ன, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று போதுமான தகவல் தெரிந்து கொடுத்த ஒப்புதல்தான் ஒப்புதல். ஆனால் தீர்ப்பு யாரும் அட்வான்ஸ் கட்டப் போகும்போது கூட வராது. நோட்டீஸ் வரும். அதனால் எங்கள் கடையில் இந்த வேலைக்கு முதல் பக்கத் தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: “அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்.”

எல்லா அழகு சிகிச்சைக்கும் சேர்த்து ஒரே நோட்டீஸ் போதுமா?

போதாது. மூக்கு, முடி, வயிறு, மார்பு எல்லாவற்றையும் ஒரே தாளில் அடைத்தால் யாருக்கும் தன்னைப் பற்றியது என்ற எண்ணம் வராது. ஒரு சிகிச்சைக்கு ஒரு நோட்டீஸ். படிக்கப் போகிற ஆள் யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். காட்பாடி பக்கம் ஹாஸ்டலில் இருக்கும் 20 வயதுப் பையனா, கல்யாணம் நிச்சயமான பெண்ணா, இரண்டு பிரசவத்துக்குப் பிறகு வயிற்றைப் பார்த்து வருத்தப்படும் தாயா? மூவருக்கும் அவசரமும் வேறு, மறைக்கிற விஷயமும் வேறு.

பையனை எடுத்துக்கொள்ளுங்கள். மார்பு பெருத்திருக்கிறது என்று வெட்கப்பட்டு, வீட்டில் சொல்லாமல் நண்பனிடம் கடன் வாங்கி வருபவர்கள் உண்டு. வளரும் வயதில் வரும் மார்பு வீக்கம் பலருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே வற்றிவிடும், ஜிம்மில் கொடுக்கும் சில ஸ்டீராய்டு ஊசிகளால்கூட இது வரும் என்ற இரண்டு வரிதான் அவன் நோட்டீஸில் முதலில் வர வேண்டும். கத்தியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.

பிளாஸ்டிக் சர்ஜரி வேறு, காஸ்மெட்டிக் சர்ஜரி வேறா?

அழகு சிகிச்சை பிளாஸ்டிக் சர்ஜரியின் ஒரு கிளை. தீக்காயம், விபத்து, பிறவிக் குறை, புற்றுநோய் அறுவைக்குப் பின் உருவத்தைச் சீரமைப்பது இன்னொரு கிளை. இரண்டாவது கிளையில் வேலூருக்கு உலகளவில் பெயர் உண்டு. 1946-இல் இங்குள்ள சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்தினார். உட்கார்ந்துபோன மூக்கையும் உதிர்ந்த புருவத்தையும்கூட இங்கே சரிசெய்தார்கள். நோய் குணமான பிறகும் முகத்தைப் பார்த்து ஊர் ஒதுக்கியது, அதனால் செய்தார்கள். ஆகவே “தோற்றத்துக்காக அறுவையா?” என்று ஏளனம் தொனிக்க நோட்டீஸ் எழுதுவது இந்த ஊருக்கு அழகில்லை.

பணம் விஷயத்தில் இந்தப் பிரிவினை முக்கியம். மருத்துவக் காப்பீட்டில் அழகு சிகிச்சைக்குப் பொதுவாக இடமில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் சீரமைப்பு என்றால் உண்டு. மருத்துவச் சேவைக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கும் அழகு அறுவைக்கும் முடி நடுதலுக்கும் கிடையாது. ஃபோனில் சொன்ன தொகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேட்கச் சொல்லி ஒரு வரி போடுங்கள். பின்னால் சிக்கல் வந்து மறுபடி படுக்க நேர்ந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதற்கும் ஒரு வரி.

என்னென்ன அபாயங்களை எழுத வேண்டும்?

எல்லா அறுவைக்கும் பொதுவானவை சில: ரத்தக் கசிவு, சீழ் பிடித்தல், மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போவது, காலில் ரத்தம் உறைந்து அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைப்பது. கடைசியாகச் சொன்னது உயிரை எடுக்கும். அதைக் கடைசியில் பொடி எழுத்தில் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. நாங்கள் அதை மேலே கொண்டுவரச் சொல்வோம்.

அழகு சிகிச்சைக்கே உரியவை வேறு வகை. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் தெரியும். இரண்டு பக்கமும் சமமாக இல்லாமல் போவது, தோல் மேடு பள்ளமாவது, தொட்டால் மரத்திருப்பது, எதிர்பார்த்த வடிவம் வராமல் இரண்டாவது முறை ஆபரேஷன். மார்பு குறைக்கும் அறுவையில் அதிகமாக எடுத்துவிட்டால் காம்பு உள்ளே இழுத்துக்கொண்டு குழி விழும். லைப்போசக்‌ஷன் உடல் எடை குறைக்கும் சிகிச்சையே இல்லை. உணவு மாறாவிட்டால் எடை திரும்பவும் ஏறும். ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் எடுப்பதை அதிக அளவு என்று வகைப்படுத்தி, இரவு முழுக்கக் கண்காணிக்கச் சொல்கிறார்கள். “ஒரே நாளில் வீடு திரும்பலாம்” என்ற விளம்பரத்தைப் படித்தவருக்கு இந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.

நம் தோல் நிறத்துக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். கெலாய்டு எனப்படும் புடைத்து வளரும் தழும்பு கருமையான தோல் உள்ளவர்களுக்கு அதிகம் வரும், அதிலும் மார்பு, தோள், காது மடலில். வெறும் “கெலாய்டு வரலாம்” என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: “உங்களுக்கோ அம்மா அப்பாவுக்கோ காது குத்திய இடம், அம்மை ஊசி போட்ட இடம், பழைய காயம் எதுவும் கட்டி மாதிரி புடைத்து வளர்ந்திருக்கிறதா? டாக்டரிடம் காட்டுங்கள்.” படிக்கும்போதே கை காதுக்குப் போகும்.

மார்பகத்துக்குள் சிலிக்கான் பை வைக்கும் சிகிச்சை என்றால் இன்னும் இரண்டு வரி வேண்டும். அது ஆயுளுக்கும் நிற்கும் பொருள் இல்லை, ஒருநாள் மாற்றவோ எடுக்கவோ வேண்டிவரும். அப்புறம், வைத்த பையின் கம்பெனி, மாடல், தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கரையோ அட்டையையோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். 2010-இல் பிஐபி என்ற பிரெஞ்சு நிறுவனம் தொழிற்சாலைத் தரச் சிலிக்கானை நிரப்பி விற்றது அம்பலமானது. 2019-இல் ஒருவகைச் சொரசொரப்பான பைகள், அபூர்வமான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையவை என்று உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டன. தன் உடம்புக்குள் இருப்பது எது என்று தெரியாதவர் அந்தச் செய்தியைப் படித்து என்ன செய்ய முடியும்?

சதவீதம் போடலாமா? “அரிதாக”, “சிலருக்கு” என்று எழுதினால் போதாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நாங்கள் அதிக நேரம் செலவழிக்கிறோம். “சிலருக்கு” என்றால் எத்தனை பேர்? ஒருவர் 2 என்பார், இன்னொருவர் 20 என்பார். ஐரோப்பாவில் மருந்துச் சீட்டுகளில் “பொதுவாக வரக்கூடியது” என்ற சொல்லுக்கு 100-இல் 1 முதல் 10 பேர் வரை என்று வரையறையே வைத்திருக்கிறார்கள். சொல்லை மட்டும் படித்தவர்கள் அதைவிட மிக அதிகமாக நினைத்துக்கொள்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, எண் போடுங்கள். ஆள் கணக்கில் போடுங்கள்: “100 பேரில் 2 பேருக்குச் சீழ் பிடிக்கும், 98 பேருக்குப் பிடிக்காது.” இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டால் பயமும் வராது, அலட்சியமும் வராது.

அடுத்தது, “எத்தனை பேரில்” என்ற எண்ணை வரிக்கு வரி மாற்றிக்கொண்டே போகாதீர்கள். ஒரு வரியில் 25-இல் 1, அடுத்ததில் 200-இல் 1 என்றால் 200 என்ற எண்ணைப் பார்த்து அதுதான் பெரிய ஆபத்து என்று நினைப்பவர்கள் உண்டு. 100 பேரோ 1000 பேரோ, ஒரு நோட்டீஸில் எல்லாவற்றையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவாருங்கள். “ஆபத்து இரட்டிப்பாகிறது” என்பதும் வேண்டாம். 10,000-இல் 1 என்பது 2 ஆனாலும் இரட்டிப்புதான், 10-இல் 1 என்பது 2 ஆனாலும் இரட்டிப்புதான்.

எண் எங்கிருந்து கிடைக்கும்? சில சிகிச்சைகளுக்கு மருத்துவச் சங்கங்களே வெளியிட்டிருக்கின்றன. கொழுப்பை எடுத்துப் பின்புறத்தில் ஏற்றும் அறுவையில் 3000 பேரில் ஒருவர் வரை இறக்கிறார்கள் என்று 2018-இல் பல நாட்டுப் பிளாஸ்டிக் சர்ஜன் சங்கங்கள் சேர்ந்து எச்சரித்தன. ஊசி தசைக்குள் இறங்கிப் பெரிய ரத்தக்குழாயில் கொழுப்பு புகுந்து நுரையீரலை அடைப்பதுதான் காரணம். உயிருக்குத் தேவையே இல்லாத ஒரு அறுவைக்கு இது மிகப் பெரிய எண்.

எண் கிடைக்காத இடத்தில் கற்பனையாகப் போடாதீர்கள். கோடு போட்டு இடம் விடுங்கள். எங்கள் நோட்டீஸ்களில் இப்படி ஒரு பகுதி இருக்கும்:

“டாக்டரிடம் கேட்டு, அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.
நீங்கள் செய்த கடைசி 100 பேரில் எத்தனை பேருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது? ______
எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது? ______
எனக்கு மயக்க மருந்து கொடுக்கப் போகிறவர் யார்? ______”

நல்ல டாக்டர் இதைப் பார்த்துக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

நல்லா பயமுறுத்தினால்தானே கேட்பார்கள்? கெட்டுப்போன முகப் படங்கள் போடலாமே?

போட்டால் நோட்டீஸைக் கீழே போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். ஏற்கனவே முடிவு செய்துவிட்டவருக்கு இதைப் பார்த்ததும் “இவர்கள் வேண்டுமென்றே கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள்” என்று தோன்றும், பக்கத்திலிருக்கிற உண்மையான எண்ணையும் நம்பமாட்டார். அதோடு, அந்தப் படத்தில் இருப்பவரும் ஒரு மனுஷிதான். பாதிக்கப்பட்டவரின் முகத்தை அவர் சம்மதம் இல்லாமல் அச்சடிக்க யாருக்கும் உரிமை இல்லை.

சிகிச்சைக்கு முன், பின் படங்கள்?

வேண்டாம். விளக்கை மேலிருந்து அடித்தால் வயிறு மடிப்பாகத் தெரியும், முன்னாலிருந்து அடித்தால் வழுவழு. முன் படத்தில் கூனல், பின் படத்தில் நிமிர்ந்த நெஞ்சு. கோட்டோவியம் போதும். கீறல் எங்கே விழும், எவ்வளவு நீளம் என்று உடம்பின் வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுங்கள். “சிறிய தழும்பு” என்று எழுதுவதைவிட, தாளில் உண்மையான அளவிலேயே ஒரு கோடு அச்சடித்துவிட்டால் படிப்பவர் தன் உடம்பில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கத்தியே இல்லாத சிகிச்சைகள்? ஊசி, கிரீம் எல்லாம் சேர்க்கணுமா?

தனி நோட்டீஸாக அடியுங்கள், ஆனால் விடாதீர்கள். “ஊசிதானே” என்று பார்லரில் உட்காருபவர்கள் அதிகம். உதட்டையும் மூக்கையும் எடுப்பாக்கப் போடும் ஃபில்லர் என்ற நிரப்பு ஊசி மருந்து ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் தோல் கறுத்து அழுகலாம், கண் பார்வையே போகலாம். அரிது, ஆனால் நடந்தால் சில நிமிடங்களில் செயல்படத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒருவகை ஃபில்லரைக் கரைக்க மாற்று மருந்து உண்டு. அது கையில் இருக்கிறதா என்பதுதான் ஊசி போடுபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

சிவப்பழகு கிரீம் என்ற பெயரில் மெடிக்கலில் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கிரீம்களுக்கும் ஒரு கட்டம் ஒதுக்கலாம். முதல் மாதம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, வெயில் பட்டாலே சிவந்து எரியும், பரு கிளம்பும், பெண்களுக்கும் முகத்தில் முடி வளரும், நிறுத்தினால் இன்னும் மோசமாகும். வேலூர் வெயிலில் அந்தத் தோலோடு நடமாடிப் பார்க்க வேண்டும். உடல் பருமனைக் குறைப்பதாக, பெண்களின் மார்பக வடிவத்தை மாற்றுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அப்படியும் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

டாக்டருக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி எப்படி எழுதுவது?

“தகுதியான மருத்துவரை அணுகவும்” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்த வரியால் யாருக்கும் பயனில்லை. பெயருக்குப் பின்னால் எதைத் தேட வேண்டும் என்று சொல்லுங்கள்: பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஹெச். அல்லது டி.என்.பி. (இப்போது டிஆர்.என்.பி. என்று இருக்கும்); முடி நடுதல் போன்றவற்றுக்கு, அதில் முறையாகப் பயிற்சி பெற்ற தோல் மருத்துவ எம்.டி.யும் செய்யலாம். காஸ்மெட்டாலஜி சான்றிதழை மட்டும் சுவரில் மாட்டியிருப்பது அறுவை செய்யத் தகுதி ஆகாது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம்.

2016 மே மாதம் சென்னையில் ஒரு மையத்தில் முடி நடும் சிகிச்சை எடுத்துக்கொண்ட இறுதியாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மருத்துவம் படிப்பவராலேயே அந்த இடத்தைச் சரியாக எடைபோட முடியவில்லை என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்? 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், அழகு சிகிச்சையும் முடி நடுதலும் யார் செய்யலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிலரங்கில் உட்கார்ந்து பார்ப்பதும் யூடியூபில் பார்ப்பதும் பயிற்சி ஆகாது என்று அதில் எழுத வேண்டிய நிலைமை வந்திருக்கிறது, பாருங்கள்.

சர்ஜனைப் போலவே முக்கியமானவர் மயக்க மருந்து கொடுப்பவர். பாதியில் மூச்சு நின்றால் அங்கேயே என்ன வசதி இருக்கிறது, எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்பதையும் கேட்கச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்தில் பலர் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்ச் செய்துகொள்கிறார்கள். அதற்கு என்ன எழுதலாம்?

இதற்கு ஒரு முழு மடிப்பே ஒதுக்கலாம். வேலூரிலிருந்து சென்னை சுமார் 140 கிலோமீட்டர், பெங்களூரு 200-க்கும் மேல். ஆபரேஷன் முடிந்த கையோடு பஸ்ஸில் மணிக்கணக்காகக் காலை மடக்கி உட்கார்ந்து வருவது ரத்தம் உறைவதற்கு வழி. ஊர் வந்து சேர்ந்த மூன்றாம் நாள் ராத்திரி குடியாத்தத்தில் ஒருவருக்கு மார்பின் ஒரு பக்கம் மட்டும் பந்து போல வீங்குகிறது என்று வையுங்கள். பெங்களூருக் கிளினிக்கில் போன் எடுக்க ஆளில்லை. உள்ளூர் டாக்டருக்கு அங்கே என்ன செய்தார்கள் என்றே தெரியாது. ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்காமல் கிளம்பாதீர்கள், இரவில் பேச ஒரு எண் வாங்குங்கள், முதல் சில நாள் அந்த ஊரிலேயே தங்கத் திட்டமிடுங்கள் என்ற மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும்.

கொஞ்சம் சின்ன விஷயம் ஆனால் நம் ஊருக்கு முக்கியம்: லைப்போசக்‌ஷனுக்கும் மார்பு குறைப்புக்கும் பிறகு உடம்பை இறுக்கிப் பிடிக்கும் உடுப்பைப் பல வாரங்கள் ராத்திரி பகலாகப் போட்டிருக்க வேண்டும். கத்திரி வெயிலில், கரண்ட் போன மதியத்தில் அதைப் போட்டுக்கொண்டு இருக்க முடியுமா? வியர்த்து, அரித்து, கழற்றி வீசிவிடுவார்கள். பிறகு நீர் கோத்துக்கொள்ளும். கல்லூரி லீவு என்று மே மாதத்தில் தேதி வாங்கும் மாணவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. நோட்டீஸ் சொல்லட்டும்.

சிகிச்சைக்கு முன் எதையெல்லாம் டாக்டரிடம் மறைக்கக் கூடாது என்று எழுதலாம்?

பீடி, சிகரெட் (காயம் ஆறாமல் போக முக்கியமான ஒரு காரணம், குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்), சர்க்கரை, ரத்தம் இளக்கும் மாத்திரை, பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து. “நாட்டு மருந்துதானே” என்று சொல்லாமல் விடுவது இங்கே ரொம்பவே சகஜம். தானாக எதையும் நிறுத்தவும் வேண்டாம், கேட்டு நிறுத்துங்கள் என்று சேர்த்து எழுதுங்கள்.

மனசு சம்பந்தப்பட்டதையும் எழுதணுமா?

எழுதுங்கள், பக்குவமாக. மற்றவர் கண்ணுக்கே தெரியாத ஒரு குறையை நாளெல்லாம் கண்ணாடியில் பார்த்துப் புழுங்குவது ஒரு நோய். அவர்களுக்கு அறுவை பெரும்பாலும் நிம்மதி தருவதில்லை, அடுத்த குறை கண்ணில் படும். “மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள்”, “அத்தை கிண்டல் செய்தாள்” என்று வருபவருக்கும் ஒரு கேள்வி போதும்: “அவர்கள் யாரும் இனிமேல் ஒன்றுமே சொல்ல மாட்டார்கள் என்றால், அப்போதும் இதைச் செய்துகொள்வீர்களா?”

அச்சு வேலையில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஏ4 தாளில் மூன்று மடிப்புதான் கைக்கு அடக்கம். 297 மில்லிமீட்டரைச் சரியாக மூன்றாக வெட்டாதீர்கள். 100, 100, 97 என்று பிரியுங்கள். உள்ளே மடங்கும் பக்கம்தான் 97. இல்லையென்றால் மடிக்கும்போது ஓரம் சுருண்டு நிற்கும். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும் கோட்டைத் தாண்டி நீளும் அச்சு), எழுத்து ஓரத்திலிருந்தும் மடிப்பிலிருந்தும் குறைந்தது 5 மில்லிமீட்டர் தள்ளி. எண் ஒரு மடிப்பிலும் அதன் விளக்கம் அடுத்த மடிப்பிலும் விழாமல் பாருங்கள்.

பளபளப்பான ஆர்ட் பேப்பரில்தான் அடிக்க வேண்டும் என்று பலர் பிடிவாதம் பிடிப்பார்கள். கோடு போட்டு எழுத இடம் விட்டிருக்கிறோமே, அதில் பால்பாயின்ட் பேனா வழுக்கிக்கொண்டு போகும். பளபளப்பில்லாத 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள் போதும். நோட்டீஸும் கிளினிக் விளம்பரம் மாதிரி தெரியாது.

எழுத்து 12 புள்ளிக்குக் குறையக் கூடாது, வரிகளுக்கு நடுவே இடைவெளி தாராளமாக. தமிழில் கொம்பும் சுழியும் மேலே கீழே இடம் கேட்கும், ஆங்கிலத்துக்கு விட்ட இடைவெளி போதாது. இரண்டு ஓரமும் நேராக நிற்கும்படி ஜஸ்டிஃபை செய்தால் நீளமான தமிழ்ச் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும், இடது பக்கம் மட்டும் நேராக விடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றும் இலவசம், படிக்கவும் தெளிவு.

பெரிய தலைவலி யூனிகோடுதான். நீங்கள் போனில் தட்டி அனுப்பியதை அச்சகத்தில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும். புதிய மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போஸர் என்ற அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். “கொழுப்பு”, “தோல்”, “மோசமான” என்ற மூன்று சொல்லைப் புரூஃபில் தேடிப் பாருங்கள். அவை ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் மற்றதும் ஒழுங்காக இருக்கும். பிளேட் போடும் முன் எண்களை மட்டும் தனியாக ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். 1000-இல் ஒரு பூஜ்யம் விடுபட்டுவிட்டால் அபாயம் பத்து மடங்கு கூடிவிடும்.

உருது, தெலுங்கில் வேண்டுமென்றால்?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி மூன்றுக்கும் உருது அவசியம். உருது வலமிருந்து இடம். அட்டைப் பக்கம் எதிர்ப்புறம் வர வேண்டும், மடிப்பும் தலைகீழ். தமிழ் வடிவத்தில் உருதுவை ஊற்றிவிட்டால் முதல் பக்கத்தைத் திறந்ததும் முடிவு வரும். உருது எழுதப்படும் நஸ்தலீக் எழுத்து வடிவத்துக்கு உயரமும் கூடுதலாகத் தேவை. காட்பாடிக்கு வடக்கே சித்தூர் எல்லைப் பக்கம் தெலுங்கு. சிஎம்சி சுற்றியுள்ள லாட்ஜ்களில் வங்காளிகள் நிறைய இருக்கிறார்களே என்று கேட்பார்கள். அவர்கள் பெரும்பாலும் வேறு நோய்க்காக வந்து தவிக்கிறவர்கள், இந்த நோட்டீஸுக்கு அங்கே வேலையில்லை.

வாட்ஸாப்பில் அனுப்பலாமா?

அனுப்புங்கள், ஆனால் மடிப்பு நோட்டீஸைப் படமெடுத்து அனுப்பாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் தனிப் படமாகச் செய்யும்போது அந்த ஒரு படம் மட்டும் யார் கைக்காவது போனால் என்ன அர்த்தம் தரும் என்று யோசியுங்கள். “98 பேருக்கு ஒன்றும் ஆகாது” என்ற படம் மட்டும் ஊர் சுற்றினால் அது விளம்பரம்.

கிளினிக்கே இதை அச்சடித்துக் கொடுத்தால் தப்பா?

தப்பில்லை. ஆனால் அதே தாளில் தள்ளுபடியும் கியூஆர் கோடு வைத்த முன்பதிவும் வந்தால் நாங்கள் செய்து தருவதில்லை. நோயாளிகளை விளம்பரம் செய்து இழுக்கக் கூடாது என்று டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளிலேயே இருக்கிறது. பொதுநல அமைப்புகளுக்கு இதற்கு நேர்மாறான எச்சரிக்கை: எந்தக் கிளினிக்கின் பெயரையும் கெட்ட உதாரணமாகப் போடாதீர்கள், வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

அச்சுக்குப் போகும் முன் யாரிடம் காட்டுவது?

பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் தகவலைப் பார்க்க வேண்டும். அது தவிர, இந்தச் சிகிச்சைக்கு ஆசைப்படக்கூடிய வயதில் நாலைந்து பேர். படித்து முடித்ததும் “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்பார்கள். தாளை வாங்கி வைத்துவிட்டு, “உங்கள் தம்பிக்கு இதை எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். எங்கே திணறுகிறார்களோ அந்த வரியை மாற்றுங்கள்.

ஏற்கனவே ஆபரேஷன் செய்துகொண்டு அவதிப்படுபவர் கையில் இது கிடைத்தால்?

அதற்காகத்தான் பின்பக்க மடிப்பு. நோட்டீஸைத் திறக்காமலே தெரியும் பக்கம் அது. அங்கே வேறு எதையும் போடாதீர்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீரென்று ஒரு பக்கம் மட்டும் பெருத்தல், காய்ச்சலோடு சீழ் அல்லது கெட்ட வாடை, தோல் கறுத்தல், ஃபில்லருக்குப் பின் பார்வை மங்கல்: இதில் ஒன்று இருந்தாலும் 108. “செய்த இடத்துக்கே போக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்” என்ற வரி தடித்த எழுத்தில். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பெயரைப் போடலாம், எல்லோருக்கும் தெரிந்த இடம். பணம், புகார் விவகாரங்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அதற்குக் கீழே சின்னதாக.

எத்தனை காப்பி அடிப்பது, எங்கே வைப்பது?

ஆப்செட்டில் 1000-க்குக் குறைந்தால் கட்டுப்படியாகாது. முதல் தடவை டிஜிட்டலில் 100 அடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆஸ்பத்திரி வரவேற்பறையில் வைப்பதைவிட ஜிம், சலூன், பார்லர், ஹாஸ்டல் மெஸ் பக்கம் வைப்பது மேல். ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் முடிவு எடுத்தாகிவிட்டது. பார்லர்காரர் ஒத்துக்கொள்வாரா என்றால், கேட்டுப் பாருங்கள். காது குத்திய தழும்பு பற்றிய பகுதியை மடித்து மேலே தெரியும்படி வைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கீழ் மூலையில் அச்சிட்ட மாதமும் ஆண்டும் போட மறக்காதீர்கள். இரண்டு ஆண்டு தாண்டினால் எண்களை மறுபடி சர்ஜனிடம் காட்டாமல் பழைய ஃபைலை அப்படியே அனுப்பி “இன்னொரு 1000 போடுங்க” என்று எங்களிடம் கேட்காதீர்கள்.